இதில் நம்ம ஆள் யார்?



2024ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று மாலை லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆஸ்கர் விருது விழா நடைபெற்றது. அப்போது காஸாவில் நள்ளிரவு கடந்திருந்தது; ரமளானின் முதல் ஸஹர் நெருங்கிக்கொண்டிருந்தது. காஸாவின் சுகாதார அமைச்சகம் அதுவரை எண்ணியிருந்த உயிரிழப்பு 31,000ஐத் தாண்டியிருந்தது. விழா அரங்கத்தை நோக்கிய சாலைகளில் போர்நிறுத்தம் கோரி மக்கள் திரண்டிருந்தனர். அரங்கினுள்ளும் சில கலைஞர்கள் அதே கோரிக்கையைக் குறிக்கும் சிவப்பு வில்லையை உடையில் குத்தியிருந்தனர். அந்த மாலையில்தான் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான விருது, பகைப் படைகளைச் சேர்ந்த இரு வீரர்களைப் பற்றிய ஒரு படத்துக்குக் கிடைத்தது. படத்தின் பெயர் 'வார் இஸ் ஓவர்'. போர் முடிந்தது என்று பொருள்.

டேவ் மல்லின்ஸ் இயக்கிய அப்படம் ஏறத்தாழ பதினொரு நிமிடம் ஓடுகிறது. முதல் உலகப் போரை நினைவூட்டும் ஒரு கற்பனைப் போர்க்களம். இந்தப் பக்கப் பதுங்குகுழியில் ஒரு வீரன், அந்தப் பக்கப் பதுங்குகுழியில் ஒரு வீரன். இருவரிடமும் ஒவ்வொரு சதுரங்கப் பலகை இருக்கிறது. ஒரு தூதுப் புறா குண்டுகளுக்கிடையே பறந்து, ஒருவன் எழுதியனுப்பும் காய் நகர்வை மற்றவனிடம் சேர்க்கிறது. தன்னோடு ஆடுபவன் யார், அவன் முகம் எப்படியிருக்கும் என்பது இருவருக்குமே தெரியாது. பேச்சு என்று சொல்லத்தக்கது படத்தில் இல்லை. துண்டுச் சீட்டுகளே பேசுகின்றன. பிறகு தாக்குதலுக்கு ஆணை பிறக்கிறது. பனி படர்ந்த வெளியில் இரு படைகளும் மோத, அந்த இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே கைகலப்பில் சிக்குகின்றனர். முடிவில் போர் முடிந்தது என்ற செய்தி வருகிறது. ஜான் லெனனும் யோகோ ஓனோவும் 1971இல் வெளியிட்ட, படத்துக்குப் பெயர் தந்த பாடல் ஒலிக்கிறது.

திரைப்படம், இசை ஆகியவை பற்றி நம்மிடையே நிலவும் மார்க்கக் கருத்து வேறுபாடுகளை இங்கே பேசப் புகவில்லை. நம் பிள்ளைகள் கைப்பேசியில் இவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பார்ப்பதைப் பற்றி வீட்டில் பேசுகிறோமா என்பதே என் கேள்வி.

என் மகனோடு அமர்ந்து இப்படத்தைப் பார்த்தேன். அவனுக்கு வயது பதினொன்று. மூன்றாவது நிமிடத்தில் அவன் கேட்டான்: "வாப்பா, இதுல நம்ம ஆளு யாரு?" நான் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானே இருக்காங்க" என்று அவனே சொல்லிவிட்டுப் பார்க்கத் தொடங்கினான்.

வசனமில்லாத போர்ப்படத்தின் வலிமை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. கைப்பேசி விளையாட்டுகளில் ஆட்டம் தொடங்கும்போதே நம்மவர் யார், எதிரி யார் என்பது முடிவாகிவிடுகிறது. எதிரியின் தலைக்கு மேல் ஒரு குறி இருக்கும். சுட்டால் மதிப்பெண் கூடும். செய்திகளிலும் அப்படித்தான். முகத்தைக் காட்டுவதற்கு முன்பே பெயர் சூட்டிவிடுகிறார்கள்: தீவிரவாதி, ஊடுருவல்காரன், காஃபிர், துரோகி. சொல் முந்திக்கொள்கிறது, பிறகு முகத்தைப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. சொல்லை எடுத்துவிட்ட படமோ பார்ப்பவனைத் தடுமாறச் செய்கிறது. குளிரில் நடுங்கும் விரல்கள், ஒரு காயை எங்கே வைப்பது என்ற யோசனை, புறாவைக் கண்டதும் முகத்தில் வரும் மலர்ச்சி, இவை மட்டுமே அவனுக்குத் தரப்படுகின்றன. இவற்றை வைத்துக்கொண்டு யாரை வெறுப்பது?

இந்த அளவில் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. விருது விழா நடந்த அந்த வேளையை நினைத்துப் பார்த்தால் உங்களுக்கும் அது புரியும்.

இரு பதுங்குகுழிகளையும் ஒரே அளவில், ஒரே ஒளியில், ஒரே பனியில் வரைந்துவிட்டால் இருவரும் சமம் என்றாகிவிடுகிறது. சதுரங்கப் பலகையில் இரு பக்கத்துக்கும் பதினாறு பதினாறு காய்கள். உலகில் நடக்கும் போர்கள் பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. வானூர்தியும் டாங்கியும் ஒரு பக்கம், இடிந்த கட்டடமும் காலியான மாவுப்பையும் மறுபக்கம் என்று இருக்கும் இடத்துக்குச் சென்று, இருவருமே மனிதர்கள்தாம், போரில் வென்றவர் எவருமில்லை என்று சொன்னால், அது யாருக்கு ஆறுதல் தரும்? மேலே இருப்பவனுக்கு அது வசதியான வாக்கியம். கீழே கிடப்பவனோ, தன்னை மிதிக்கும் காலைக் காட்டக்கூட வாயைத் திறக்கக் கூடாது என்ற கட்டளையாகவே அதைக் கேட்பான். வசனமின்மை ஒரு கலைத்திறன். ஆயினும் முறையீடு என்ற ஒன்றுக்குச் சொல் தேவை. யார் நிலம், யார் வீடு, முதலில் வாசலைத் தாண்டியவன் யார் என்பவற்றைப் புறா கொண்டுவரும் துண்டுச் சீட்டில் எழுத இயலாது. அநீதியிழைக்கப்பட்டவரைத் தவிர வேறெவரும் தீய சொல்லை உரக்கச் சொல்வதை அல்லாஹ் விரும்புவதில்லை என்ற கருத்து திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் வருகிறது. மார்க்கம் பாதிக்கப்பட்டவனின் வாயை அடைக்கவில்லை.

ஆகவே இப்படம் பொய் சொல்கிறது என்று தள்ளிவிடலாமா? அதுவும் சரியாகத் தோன்றவில்லை. அப்படித் தள்ளுவதற்கு முன் கல்லிப்போலியைச் சற்றே பார்க்க வேண்டும்.

பதுங்குகுழிகளுக்கிடையே நட்பு என்றதும் எல்லோரும் 1914 டிசம்பரில் மேற்கு முனையில் பிரிட்டிஷ், ஜெர்மன் வீரர்கள் கைகுலுக்கிக்கொண்ட நிகழ்வையே சொல்வார்கள். அதன் மறுவருடம் அப்படி நடக்கக் கூடாதென்று தளபதிகள் கடுமையாக ஆணையிட்டதும் வரலாறு. நம்மிடையே அதிகம் பேசப்படாதது 1915 மே 24இல் கல்லிப்போலித் தீபகற்பத்தில் நடந்தது. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துப் படைகள் ஏப்ரல் 25இல் அங்கே கரையிறங்கி, குன்றுகளின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தன. மே 19 அன்று உஸ்மானியப் படை ஏறத்தாழ 42,000 பேருடன் அவர்களைக் கடலில் தள்ள முயன்று தோற்றது. அன்று மட்டும் உஸ்மானியர் தரப்பில் சுமார் 3,000 பேர் உயிரிழந்தனர். இரு பக்கப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே, சில இடங்களில் சில மீட்டர் அகலமே கொண்ட வெளியில், அந்த ஜனாஸாக்கள் வெயிலில் ஐந்து நாள் கிடந்தன. நாற்றம் இரு தரப்பாராலும் தாங்க முடியாததாயிற்று. காலை ஏழரை மணியிலிருந்து மாலை நான்கரை மணிவரை சண்டையை நிறுத்தி, இறந்தவர்களை அடக்குவதென்று உடன்பாடு கண்டார்கள்.

அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றி, துருக்கி மொழி அறிந்த பிரிட்டிஷ் அதிகாரி ஆப்ரி ஹெர்பர்ட் எழுதிவைத்திருக்கிறார். நாளை நீங்கள் என்னைச் சுடுவீர்கள் என்று அவர் துருக்கிய வீரர்களிடம் சொன்னபோது, அல்லாஹ் காப்பாற்றட்டும் என்று அவர்கள் ஒரே குரலாகப் பதறினார்களாம். மொழி தெரியாத மற்றவர்கள் சிகரெட்டுகளை மாற்றிக்கொண்டார்கள். நேரம் முடிந்ததும் கைகுலுக்கிவிட்டு அவரவர் குழிக்குள் இறங்கினார்கள். மாலை முடிவதற்குள் துப்பாக்கிகள் மீண்டும் முழங்கின. அதன்பின் ஏழு மாதம் அங்கே போர் நடந்தது. படத்தில் வருவதுபோலப் போர் முடிந்தது என்ற சீட்டை எந்தப் பறவையும் கொண்டுவரவில்லை.

இதில் நமக்கு உறைக்கும் செய்தி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியர்களுக்குத் துணையாக அந்தக் குன்றுகளில் பீரங்கி இயக்கியவர்கள் இந்திய மலைப்பீரங்கிப் படையினர். கோஹாட், ஜேக்கப் என்ற பெயர் கொண்ட அப்பிரிவுகளில் சீக்கியரோடு பஞ்சாபி முஸ்லிம்களும் இருந்தார்கள். முதல் நாளிலேயே கரையிறங்கியவர்கள் அவர்கள். இந்தப் பக்கம் ஃபஜ்ர் தொழுதவர் தொடுத்த குண்டு, அந்தப் பக்கம் ஃபஜ்ர் தொழுதவர் மீது விழுந்தது. பாதி முஸ்லிம்களைக் கொண்ட 69ஆம், 89ஆம் பஞ்சாபிப் படைப்பிரிவுகளை மட்டும், உஸ்மானியரை எதிர்த்துப் போரிட மனம் ஒப்பாது போகலாம் என்ற ஐயத்தில் பிரிட்டிஷார் மே மாத நடுவிலேயே விலக்கி பிரான்சுக்கு அனுப்பினார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் 5ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் வீரர்கள் கிளர்ந்தெழுந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, தம்மைக் கலீஃபாவின் படைக்கு எதிராக அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தி. உண்மையில் அவர்கள் செல்லவிருந்தது ஹாங்காங். கிளர்ச்சியை அடக்கிய பிறகு 47 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் மக்கள் பார்க்க, சிறைச் சுவரின் ஓரமாக அது நிறைவேற்றப்பட்டது.

இந்த மனிதர்களிடம் போய், இதில் உங்கள் ஆள் யார் என்று என் மகன் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? அவர்களுடைய எதிரியை வேறு யாரோ, வேறு ஒரு நாட்டில், ஒரு மேசையில் அமர்ந்து தீர்மானித்தார்கள். போரைத் தொடங்கியவனின் குற்றத்தையும், பதுங்குகுழியில் நிற்பவனின் முகத்தையும் தனித்தனியே பார்க்கக் கற்றால் அல்லாமல் கல்லிப்போலி நமக்கு விளங்காது. போரின் நியாயம் இரு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டியதில்லை. அந்த வீரனின் உயிர் மற்றவனின் உயிருக்குச் சமம்தான்.

'வார் இஸ் ஓவர்' இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது, அதனால்தான் இனிக்கிறது. இனிப்புக் குறைந்த, ஆனால் அதைவிட நேர்மையான ஒரு படம் அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக நார்மன் மெக்லாரன் 1952இல் எடுத்த 'நெய்பர்ஸ்'. அண்டை வீட்டார் என்று பொருள். எட்டு நிமிடப் படம். அதிலும் பேச்சு கிடையாது. ஒலிப்பட்டையிலேயே வடிவங்களைப் பதித்து உண்டாக்கிய விசித்திரமான ஓசைகள்தாம் பின்னணி. உயிருள்ள நடிகர்களைப் பொம்மைகளைப்போல ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் படம் பிடித்திருக்கிறார்கள். அதனால் மனிதர்கள் புல்தரையில் வழுக்கிக்கொண்டு செல்வது போலவும் அந்தரத்தில் மிதப்பது போலவும் தெரியும். சிறுவர்களுக்கு முதல் இரண்டு நிமிடம் ஒரே சிரிப்பாக இருக்கும்.

அட்டையில் செய்த இரண்டு வீடுகள். வாசலில் இருவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் படிக்கிறார்கள். போர் இல்லையென்றால் அமைதி உறுதி என்கிறது ஒன்றின் தலைப்பு. அமைதி இல்லையென்றால் போர் உறுதி என்கிறது மற்றது. ஒருவருக்கொருவர் புகைக்கத் தீ கொடுத்துக்கொள்ளும் அளவுக்கு நல்ல பழக்கம். அப்போது இரு வீட்டுக்கும் சரி நடுவே ஒரு பூ முளைக்கிறது. இருவரும் முகர்ந்து மயங்குகிறார்கள். பிறகு, பூ எவர் பக்கம் என்ற கேள்வி எழுகிறது. எல்லையில் வேலி போடுகிறார்கள். வேலிக் கட்டையைப் பிடுங்கிக் கத்திபோல் வீசுகிறார்கள். சட்டை கிழிகிறது. முகத்தில் காட்டுத்தனமான வண்ணங்கள் ஏறுகின்றன. எந்தப் பூவுக்காகத் தொடங்கினார்களோ அது அவர்கள் காலடியிலேயே நசுங்குகிறது. அதோடு நிற்கவில்லை. ஒருவன் மற்றவனின் அட்டை வீட்டை உதைத்துத் தள்ளுகிறான். உள்ளே ஒரு தாயும் கைக்குழந்தையும். அவர்களையும் அடித்துக் கொல்கிறான். மற்றவனும் போய் அதையே செய்கிறான். கடைசியில் இருவரும் செத்து விழ, இரு மண்மேடுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூ. அண்டை வீட்டாரை நேசி என்ற வாசகம் பல மொழிகளில் திரையில் வந்து மறைகிறது.

இப்படத்துக்கும் ஆஸ்கர் விருது கிடைத்தது; வேடிக்கை என்னவென்றால், ஆவணப்படப் பிரிவில். தாயும் குழந்தையும் கொல்லப்படும் காட்சிதான் விநியோகஸ்தர்களுக்குத் தொல்லையாக இருந்தது. அமெரிக்க, ஐரோப்பியப் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்காக அதை வெட்டச் சொன்னார்கள், வெட்டப்பட்டது. வியட்நாம் போர்க்காலத்தில், மக்களின் மனம் வேறாகியிருந்த நிலையில், காட்சி மீண்டும் சேர்க்கப்பட்டது. மெக்லாரன் இளமையில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் ஒளிப்பதிவாளராக இருந்தவர். கொரியப் போர் தொடங்குவதற்குச் சற்று முன்பு யுனெஸ்கோ பணிக்காகச் சீனாவில் இருந்து திரும்பியவர். போரில் இறப்பவர்கள் சீருடை அணிந்தவர்கள் மட்டுமல்லர் என்பது அவருக்குத் தெரியும். சதுரங்கம் ஆடும் வீரர்களைப் பற்றிய படத்தில் நான் தேடியும் காணாதது அந்த அட்டை வீட்டுக்குள் இருந்தவர்களைத்தான். காஸாவின் கணக்கில் பெரும்பகுதி அவர்கள்தாமே.

நம் மார்க்க வரலாற்றில் எதிரியின் முகத்தைப் பற்றிய செய்திகள் நிறைய உண்டு. பயான்களில் வெற்றியின் கதைகள் வரும் அளவுக்கு அவை வருவதில்லை என்பது என் அபிப்பிராயம்.

உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்கள் பற்றிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. ஜுஹைனா குலத்தின் ஒரு பிரிவினரோடு நடந்த சண்டையில், உஸாமாவும் ஓர் அன்ஸாரித் தோழரும் எதிரி ஒருவரை விரட்டிப் பிடித்தார்கள். பிடிபட்டவர் கலிமா சொன்னார். அன்ஸாரி கையை நிறுத்திக்கொண்டார். உஸாமா ஈட்டியால் குத்திக் கொன்றார். அந்த மனிதர் முஸ்லிம்கள் பலரைக் கொன்றவர் என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது. செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியது. ஆயுதத்துக்கு அஞ்சித்தான் அப்படிச் சொன்னார் என்று உஸாமா விளக்கினார். அவருடைய இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்ற பொருள்படக் கேட்ட நபியவர்கள், தம் கண்டனத்தை மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இதற்கு முன் இஸ்லாத்தை ஏற்காமல் இன்றுதான் ஏற்றிருக்கக் கூடாதா என்று தாம் ஏங்கியதாக உஸாமா பிற்காலத்தில் சொன்னார். நபியவர்களின் வளர்ப்பு மகனின் மகன் அவர், செல்லப்பிள்ளை. அவரிடமும் கண்டிப்பு குறையவில்லை.

இது கலிமா சொன்னவரைப் பற்றிய சட்டம், எல்லா எதிரிக்கும் பொருந்தாது என்று ஒருவர் சொல்லக்கூடும். சட்டத்தைப் பொறுத்தவரை உண்மை. நான் கவனிப்பது அந்தக் கேள்வியின் திசையை. கையில் வாளோடு நிற்பவனுக்கு, எதிரில் இருப்பவனின் உள்ளம் முழுவதும் தெரிந்துவிட்டதாக ஒரு நினைப்பு வரும். அந்த நினைப்பைத்தான் நபியவர்கள் உடைத்தார்கள். எதிரியைச் சந்திக்க ஆசைப்படாதீர்கள், அல்லாஹ்விடம் நலத்தைக் கேளுங்கள், சந்திக்க நேர்ந்தால் உறுதியாக நில்லுங்கள் என்று அவர்கள் போதித்ததும் புகாரியில் உண்டு. போரே கூடாது என்பாரின் வழியும் இதில் இல்லை. போரைக் கொண்டாடுவோருக்கும் இதில் இடமில்லை.

பத்ருப் போரில் ஏறத்தாழ எழுபது பேர் சிறைப்பட்டார்கள். அவர்களில் அபூ அஸீஸ் பின் உமைர், முஸ்அப் பின் உமைர் (ரலி) அவர்களின் உடன்பிறந்தவர். அண்ணன் தம்பி எதிரெதிர் அணியில். நன்றாகக் கட்டுங்கள், இவருடைய தாய் வசதியானவர், நல்ல மீட்புத்தொகை கிடைக்கும் என்று முஸ்அப், கட்டிக்கொண்டிருந்த அன்ஸாரியிடம் சொன்னார். அதைக் கேட்டு அபூ அஸீஸ் வருந்த, இந்த அன்ஸாரிதான் இப்போது எனக்குச் சகோதரர் என்றார் முஸ்அப். இந்த உறுதியை நாம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். இதே அபூ அஸீஸ் பின்னர் சொன்ன மற்றொன்று, சீரா நூல்களில் இதன் தொடர்ச்சியாகவே இருக்கிறது. கைதிகளை நல்ல முறையில் நடத்தும்படி நபியவர்கள் கட்டளையிட்டிருந்ததால், அன்ஸாரிகள் தங்களுக்குக் கிடைக்கும் ரொட்டியை அவருக்குக் கொடுத்துவிட்டு, தாங்கள் பேரீச்சம்பழத்தை உண்டார்கள். அவருக்கு வெட்கமாகி ரொட்டியைத் திருப்பிக் கொடுப்பார். அவர்கள் தொடாமல் மறுபடியும் அவரிடமே தள்ளிவிடுவார்கள். மதீனாவில் ரொட்டி அரிது. அன்று காலை தம்மைக் கொல்ல வந்திருந்தவர் கூச்சப்படுவதை அவர்கள் கண்டார்கள். இந்தக் காட்சிக்கு வசனம் வேண்டியதில்லை. எந்தக் குறும்பட இயக்குநராவது இதை எடுத்தால் நன்றாக இருக்கும்; நபியவர்களை உருவமாகக் காட்டவேண்டிய தேவையும் இதில் எழாது.

முஸ்அபின் உறுதியையும் அன்ஸாரிகளின் ரொட்டியையும் ஒரே கூடாரத்தில் வைத்துப் பார்க்க முடிந்த சமுதாயம் அது. பக்கம் தெரிந்திருந்தது, முகமும் தெரிந்திருந்தது.

அட்டை வீட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றியும் நம்மிடம் தெளிவான கட்டளை உண்டு. ஒரு போரில் பெண்ணொருவர் கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்டு நபியவர்கள் வெறுத்தார்கள்; பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதைத் தடுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி இது. கொல்லப்பட்ட அந்தப் பெண் நம் பக்கத்தவர் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 2023 அக்டோபர் 7இல் தங்கள் வீடுகளிலேயே கொல்லப்பட்ட இஸ்ரேலியப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்தத் தடை பொருந்தும். அதன் பிறகு காஸாவில் கூடாரத்தில் எரிந்த தாய்க்கும் பொருந்தும். முதலாவதைச் சொல்லத் தயங்கினால் இரண்டாவதைச் சொல்லும் நம் குரலின் கனம் குறையும் என்று நான் கருதுகிறேன். இப்படிச் சொல்வதால் இரண்டு தரப்பும் சமம் என்றாகிவிடாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்ய வேண்டாம் என்னும் ஐந்தாம் அத்தியாயத்தின் எட்டாம் வசனம் பகையே இல்லாதவர்களை நோக்கிப் பேசவில்லை. பகைக்குக் காரணமுள்ளவர்களிடம்தான் பேசுகிறது.

நம் வீடுகளுக்கு வருகிறேன். குடும்ப வாட்ஸாப் குழுக்களில் எதிரி வீரன் சுடப்பட்டு விழும் காட்சிகள் வருகின்றன. அதன் கீழே அல்ஹம்துலில்லாஹ் என்று எழுதுகிறோம், சிரிக்கும் முகங்களை இடுகிறோம். பிள்ளைகள் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் பார்க்கிறார்கள். ஒடுக்கப்பட்டவர்களின் வெற்றியில் மகிழ்வது வேறு. ஒருவன் துடிப்பதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது வேறு. இரண்டாவதைப் பழக்கிவிட்டால், நாளைக்கு நம் பிள்ளையின் ஜனாஸாவின் கீழே பிறர் அதே சிரிப்பை இடும்போது நாம் எந்த முகத்தோடு முறையிடுவோம்? நம் நாட்டில் அப்படி இடுவோர் இருக்கிறார்கள் என்பதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதே நேரம், பிள்ளைகள் பள்ளியில் அமைதி நாள் கொண்டாடிவிட்டு வந்து, எல்லாப் போருமே முட்டாள்தனம், இரு பக்கமும் தவறு என்று ஒப்பித்தால், அதையும் அப்படியே விட்டுவிடக் கூடாது. யார் வீட்டை யார் இடித்தார் என்று கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்கு நேரம் செலவாகும். வரைபடத்தை விரிக்க வேண்டும். நமக்கே தெரியாததைப் படிக்க வேண்டும்.

என் மகனிடம் படம் முடிந்ததும் கல்லிப்போலியைச் சொன்னேன். பீரங்கிக்காரர்களும் முஸ்லிம்கள் என்றதும் அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அவங்க அன்னைக்கு என்ன துஆ கேட்டிருப்பாங்க?" என்றான். அவன் எழுப்பிய இந்தக் கேள்வியை எங்கள் ஊர் ஆலிம் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரும் சற்று நேரம் தாடியை நீவிக்கொண்டிருந்துவிட்டு, "நல்ல கேள்வி, பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

பார்க்க விரும்புவோருக்கு: 'நெய்பர்ஸ்' படத்தைக் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் தன் இணையதளத்தில் கட்டணமின்றியே வைத்திருக்கிறது. தாயும் குழந்தையும் வரும் காட்சி கடைசிப் பகுதியில் உள்ளது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பெரியவர்கள் முதலில் ஒருமுறை தனியே பார்த்துவிடுவது நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்டவர்களோடு சேர்ந்தமர்ந்து பார்க்கலாம். அவர்கள் கேள்வி கேட்டால் படத்தை நிறுத்திவிடுங்கள்.